மஞ்சள் கடுதாசி யார் கொடுப்பது?

கேள்வி: யாங்கூன் பயின்னவுங் சந்தையில் உளுந்தும் துவரையும் வாங்கி விற்கிறேன் ஐயா. 2003இல் மியான்மரில் வங்கிகள் தள்ளாடியபோது அப்பாவின் பணம் ஒரு தனியார் வங்கியில் சிக்கிக்கொண்டது. வாரா வாரம் வரிசையில் நின்று சுரண்டிச் சுரண்டி எடுத்தார். எடுத்து முடித்தபோது அந்தப் பணத்துக்குப் பழைய மதிப்பு இல்லை. 2021இல் அதே மாதிரி வரிசையில் நான் நின்றேன். மகன் சிங்கப்பூரில் படிக்கிறான். “விழுகிற வங்கியை விழ விடணும்ப்பா. அரசாங்கம் கைதூக்கிவிட்டால் முதலாளிக்குப் பயமே இருக்காது. 2008இல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது” என்கிறான். எனக்கோ அப்பா நின்ற வரிசைதான் கண்ணில் நிற்கிறது. அரசாங்கம் வங்கியைக் காப்பாற்றுவது சரியா, தப்பா? என் பணத்தை வங்கியில் விட்டுவைக்கலாமா?

பதில்:

உங்கள் அப்பா நின்ற வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். 2003 பிப்ரவரியில் நான் நாலைந்து வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவருக்காக விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு வங்கி வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆட்களைவிடச் செருப்புகள்தான் அதிகம். இடம் பிடிக்கச் செருப்பைப் போட்டுவிட்டு எல்லோரும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி ஏறியது. ஒருவர் குனிந்து வெளியே வந்து டோக்கன் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது 212. அன்றைக்கு எண்பதோடு நிறுத்திவிட்டார்கள். மறுவாரம் ஒருவழியாக உள்ளே போனபோது கவுண்டரில் இருந்த பெண் ஆயிரம் கியாட் நோட்டுகள் நூறை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, ஜன்னல் வழியே தள்ளினாள். ஒரு லட்சம். அப்போது வெளிச்சந்தையில் டாலர் ஏறத்தாழ ஆயிரம் கியாட், ஆக நூறு டாலர். அந்த வியாபாரியின் கணக்கில் இருந்தது அதைப்போல நூற்றைம்பது மடங்கு. வாரத்துக்கு ஒரு லட்சம் என்றால் எத்தனை வருஷம் ஆகும் என்று வரிசையில் நின்றபடியே கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட மூன்று வருஷம் வந்தது.

அந்த நெருக்கடி எப்படித் தொடங்கியது என்று மகனுக்குச் சொல்லுங்கள். அவன் அப்போது பிறந்தே இருக்க மாட்டான். விலைவாசி ஏறுகிற வேகத்தில் வங்கி வட்டி எதற்கும் போதவில்லை. ஆண்டுக்கே பத்து சதவீதத்தைத் தாண்டாது. அந்த இடைவெளியில் ‘கம்பெனி’ என்று பெயர் போட்டுக்கொண்டு சிலர் கிளம்பினார்கள். மாதத்துக்கு நூற்றுக்கு நாலு, ஐந்து என்று வட்டி பேசினார்கள். புதிதாகப் போட்டவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டி கொடுக்கும் கதைதான். 2002 கடைசியில் அவை வரிசையாகக் கவிழ்ந்தன. பயம் அங்கிருந்து வங்கிக்குத் தொற்றியது. அப்போது தனியார் வங்கிகளில் பெரியது ஏசியா வெல்த் வங்கி. முதலில் கூட்டம் கூடியது அதன் வாசலில். பிறகு மற்றவற்றிலும் கூடியது. வாரத்துக்கு ஐந்து லட்சம்தான் எடுக்கலாம் என்றார்கள். அடுத்த சில நாட்களில் அது ஒரு லட்சம் ஆயிற்று. மத்திய வங்கி 2500 கோடி கியாட் கடன் கொடுத்துப் பார்த்தது. பயம் தணியவில்லை.

ஆனால் எனக்கு அந்த வரிசையைவிட மறக்க முடியாதது வேறொன்று. நான் யாருக்காக வரிசையில் நின்றேனோ அவருக்கு இன்னொரு வங்கியில் கடன் இருந்தது. தவணை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். வரிசை பெருத்ததும் அந்த வங்கி ஆள் அனுப்பியது: கடனில் ஐந்தில் ஒரு பங்கை இப்போதே கட்டு. பிப்ரவரி மாதம் உளுந்து அறுவடை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விவசாயிக்கு ரொக்கமாகக் கொடுத்து மூட்டையை இறக்க வேண்டிய மாதம். ஒரு வங்கியில் போட்ட பணம் வரவில்லை, இன்னொரு வங்கி கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கிறது. மனுஷன் குடோனில் இருந்த சரக்கை, ரொக்கம் வைத்திருந்த ஒருவரிடம், அடிமாட்டு விலைக்குத் தள்ளினார். வாங்கியவர் அந்த வருஷமே புது லாரி எடுத்தார்.

‘விழ விடு’ என்று உங்கள் மகன் சுலபமாகச் சொல்லும்போது எனக்கு இந்த லாரிதான் ஞாபகம் வருகிறது. வங்கி விழுந்தால் அதன் நஷ்டம் காற்றில் கரைந்துவிடாது, யார் தலையிலாவது இறங்கியே தீரும். யாரும் திட்டம் போட்டு இறக்காவிட்டால், தவணை தவறாமல் கட்டியவன் தலையிலும், ஒரே ஒரு கணக்கு வைத்திருந்த கிழவி தலையிலும்தான் இறங்கும். கைதூக்கிவிடலாமா கூடாதா என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். நஷ்டம் யார் யார் தலையில், எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

நம்மவர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. என் தாத்தா பியாபோன் பக்கம் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். யாங்கூனில் மொகல் தெரு கோயிலில் செட்டியார்கள் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்த காலம் அது. அவர்கள் கடன் கொடுத்ததில் பெரும்பகுதி அவர்கள் சொந்த முதல். மீதி உறவுக்காரர் பணம், ஆச்சிமார் பணம், கோயில் பணம். கடை நொடித்தால், திவால் என்று ஒப்புக்கொள்ளும் மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டும். கொடுத்தவனுடைய வீடு, நகை, தோட்டம் எல்லாம் அவனுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். அந்தப் பயம் இருந்ததால் தாத்தாவின் மேலாள், வயலை நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை என்பார் தாத்தா.

இன்றைய வங்கி முதலாளிக்கு மஞ்சள் கடுதாசி கிடையாது. பங்குக்குப் போட்ட பணம் போகும், அவ்வளவுதான். வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். பங்குப் பணமோ வங்கி கடனாகக் கொடுக்கும் தொகையில் சிறு பகுதி. மற்றதெல்லாம் நீங்களும் நானும் போட்டது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுபோல அவர் துணிந்து உடைக்கலாம். இதில் உங்கள் மகன் சொல்வது முழுக்க நியாயம். லாபம் வந்தால் அவருக்கு, நஷ்டம் வந்தால் நாட்டுக்கு என்று ஏற்பாடு இருந்தால் எவன்தான் நிதானமாகக் கடன் கொடுப்பான்?

செட்டியார் காலத்தைப் பொற்காலம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1930இல் உலகச் சந்தை சரிந்து நெல் விலை பாதிக்கும் கீழே போனபோது அவர்களைக் காப்பாற்ற எந்த அரசாங்கமும் வரவில்லை. கடன் திரும்பாததால் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938இல் அது 25. நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை அவர்கள், பணமாகத் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் எதற்கு? அந்தக் கசப்பை நம் ஜனங்கள் எத்தனை தலைமுறை சுமந்தார்கள் என்பது நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். கடன் கொடுத்தவன் தனியாக விழுவதில்லை, வாங்கியவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் விழுகிறான்.

சரி, இனி கைதூக்கிவிடலாமா என்ற இரண்டாவது கேள்வி. வங்கிக்கு வரும் நோய் இரண்டு. உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். குடோன் நிறைய நல்ல உளுந்து இருக்கிறது, கப்பல் வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் கடன்காரர் பத்துப் பேர் வாசலில் நிற்கிறார்கள். இது ஒன்று. மூட்டையைக் குத்திப் பார்த்தால் பாதி மண். இது இன்னொன்று.

முதல் வியாபாரிக்குக் கைமாற்றுக் கொடுப்பதில் தவறே இல்லை. மத்திய வங்கி என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். நல்ல ஈட்டின் மேல், கொஞ்சம் கூடுதல் வட்டிக்கு, தயங்காமல், தேவைப்பட்ட அளவு கொடு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனிலேயே வகுத்த விதி. இதில் ‘தயங்காமல்’ என்பதுதான் உயிர். 2003இல் இங்கே தவறியது அதுதான் என்பது என் எண்ணம். வாரத்துக்கு ஐந்து லட்சம் என்று சொன்ன மறுநிமிஷமே, அதுவரை வரிசைக்கு வராதவனும் வந்துவிட்டான். முதல் நாளே நோட்டுக் கட்டுகளை லாரியில் கொண்டுவந்து எல்லோர் கண்ணிலும் படும்படி இறக்கியிருந்தால் பாதிப் பேர் டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இரண்டாவது வியாபாரிக்குக் கைமாற்றுக் கொடுத்தால் மண்ணுக்குத்தான் காசு. அங்கே செய்ய வேண்டியது வேறு: கடையை எடுத்துக்கொள், பங்குக்காரர் கணக்கைச் சுழியமாக்கு, நிர்வாகத்தை வெளியே அனுப்பு, பணம் போட்டவர் பணத்தை மட்டும் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்று. அப்படிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1992இல் சுவீடனில் வங்கிகள் சரிந்தபோது பணம் போட்டவர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் அரசு பொறுப்பேற்றது, பங்குக்காரருக்கு ஏற்கவில்லை. கோத்தா வங்கியை முழுதாக எடுத்துக்கொண்டது. வாராக் கடன்களைத் தனி நிறுவனத்தில் போட்டு நிதானமாக விற்றது. கடைசியில் மக்களுக்கு ஆன செலவு, ஆரம்பத்தில் பயந்ததைவிட வெகு குறைவு.

அமெரிக்காவிலும் 2008 செப்டம்பர் 25 அன்று வாஷிங்டன் மியூச்சுவல் என்ற வங்கியை அரசு எடுத்து, அன்றைக்கே ஜேபி மோர்கனுக்கு விற்றது. அந்த நாட்டில் விழுந்த வங்கிகளிலேயே பெரியது அது. பங்குக்காரர் பணம் போயிற்று. பணம் போட்டவர் மறுநாள் அதே கிளைக்குப் போய் வழக்கம்போல எடுத்தார். வங்கி செத்தது, கணக்கு சாகவில்லை. மகன் இதைப் படித்திருக்கிறானா என்று கேளுங்கள். அவன் படித்திருக்கக்கூடியது அதற்குப் பத்து நாள் முன்னால் நடந்தது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியை விழ விட்டார்கள். உலகமே உறைந்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்துக்கு 8500 கோடி டாலர் கொடுக்க ஓடினார்கள். அப்புறம் 70,000 கோடி டாலருக்குச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் வங்கிகளுக்குப் போன பணம் லாபத்தோடு திரும்பியது என்பது உண்மை. அதே ஏ.ஐ.ஜி. அடுத்த மார்ச்சில் தன் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்ததும் உண்மை. ஜனங்களுக்கு வயிறு எரிந்தது இரண்டாவதற்காக. அந்த எரிச்சலில் தப்பே இல்லை.

அயர்லாந்து இன்னும் மோசம். 2008 செப்டம்பர் கடைசியில், மூட்டையைக் குத்திப் பார்க்காமலே, நாட்டின் ஆறு வங்கிகளின் ஏறத்தாழ எல்லாக் கடனுக்கும் நாங்கள் பொறுப்பு என்று ஒரே இரவில் கையெழுத்துப் போட்டார்கள். சேமிப்புக் கணக்குக்காரர் மட்டும் தப்பவில்லை, கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டுக் கடன் பத்திரம் வாங்கிய பெரும்புள்ளிகளும் தப்பினார்கள். பில் சுமார் 6400 கோடி யூரோ. இரண்டு வருஷத்தில் நாடே கையேந்தியது.

நெல்லுக்குப் பாய்ச்சும் நீர் புல்லுக்கும் கொஞ்சம் பொசியத்தான் செய்யும். எந்த மீட்பிலும் தகாதவன் ஒருவன் நனைவான், தடுக்க முடியாது. ஆனால் அயர்லாந்து செய்தது மடையைப் புல்லுக்கே திறந்துவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், வாசலில் கூட்டம் நிற்கும்போது மூட்டைக்குள் உளுந்தா மண்ணா என்று பார்க்க நேரம் இருக்காது. எல்லோரும் ஒரே நாளில் விற்க வந்தால் நல்ல உளுந்தும் மண் விலைக்குத்தான் போகும். அந்த விலையை வைத்துக் கணக்குப் பார்த்தால் நல்ல வங்கியும் அழுகியதாகத் தெரியும். முதலாளி ‘என்னிடம் இருப்பது உளுந்து, லாரிதான் வரவில்லை’ என்றுதான் சொல்வார், எப்போதும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த, பயப்படாத, யாருக்கும் உறவில்லாத கண்காணிப்பாளர்கள் நெருக்கடிக்கு முன்பே இருக்க வேண்டும். கூட்டம் கூடிய பிறகு ஆள் தேடினால் கிடைக்காது. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேரேடு வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் விஷயத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மற்ற நாடுகளில் அரசாங்கம் கைதூக்கிவிட்டால் வரி கட்டுகிறவன் கொடுக்கிறான். இங்கே நோட்டு அடிக்கிறார்கள். நோட்டு அடித்தால் விலை ஏறும். வங்கிக் கணக்கே இல்லாமல் தெருமுனையில் மொஹிங்கா விற்று, சம்பாதித்ததைத் தலையணைக்கு அடியில் வைக்கிற அம்மாதான் அந்த வங்கியைக் காப்பாற்றுகிறாள், அவளுக்கே தெரியாமல். போதாததற்கு, 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆயின. மாற்றுப் பணமும் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்தவளும் தப்பவில்லை. என் அம்மா அந்த நோட்டுகளில் ஒரு கட்டை எறிய மனசில்லாமல் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

ஆகவே என் பதில் இது. காப்பாற்றலாம், காப்பாற்ற வேண்டும். சிறுகணக்குக்காரர் பணத்தையும், சம்பளமும் சரக்குப் பணமும் ஊர் விட்டு ஊர் போகிற வழியையும். அதற்கு மேல் ஒரு காசு கொடுப்பதற்கு முன் பங்குக்காரர் கணக்கு சுழியம் ஆக வேண்டும், பத்திரம் வாங்கியவருக்கு வெட்டு விழ வேண்டும். முதலாளிக்கு மஞ்சள் கடுதாசி கொடுக்கச் சட்டம் இல்லை என்றால், அரசாங்கமே அவர் பெயரில் அதைக் கொடுத்துவிட வேண்டும். இந்த நிபந்தனைக்கு ஒப்பாத மீட்பைவிட உங்கள் மகன் சொல்வதே மேல் என்பேன். ஆனால் அப்போதும், ஒழுங்காகக் கட்டுகிறவனிடம் கடனைத் திருப்பிக் கேட்கும் அந்த அக்கிரமத்தை மட்டும் முதலில் தடுக்க வேண்டும்.

இனி உங்கள் பணம். 2021 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகு நடந்தது 2003 மாதிரி இல்லை. அதன் அரசியலுக்குள் நான் போகவில்லை. ஊழியர்கள் வேலைக்கு வராமல் கிளைகள் மூடிக் கிடந்தன, ரொக்கம் வறண்டது. தனிநபருக்கு வாரத்துக்கு 20 லட்சம் என்பது அப்போதைய விதி. கைக்கு வந்தது அதில் துளி. கணக்கில் இருக்கும் தொகையைக் கமிஷன் கழித்து ரொக்கமாக மாற்றித் தர ஆட்கள் முளைத்தார்கள். என் தெருவில் நூற்றுக்கு ஏழு கேட்டார்கள். அதாவது கணக்கில் இருக்கும் கியாட்டும் கையில் இருக்கும் கியாட்டும் இரண்டு வேறு பணம் ஆகிவிட்டன. பணம் போட்டவரை இப்படிக் கைகழுவுவதும் ஒருவகை வங்கி மீட்புதான், பில் உங்கள் பேருக்கு வந்தது.

அதற்காக முழுப் பணத்தையும் வெளியே எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் வைத்தால் திருடன், தீ, விலைவாசி என்று மூன்று எதிரிகள். வங்கியை அடியோடு விட்டால் உங்கள் ஏற்றுமதிப் பணம் வர வழியும் இல்லை. ஒரே வங்கியில் வைக்காதீர்கள், இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். கடன் வாங்கிய வங்கியிலேயே ஒரு பகுதி வைப்பு இருக்கட்டும். சிக்கல் வந்தால் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ளும்படி கேட்க இடமிருக்கும், ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அக்கம்பக்கத்து வங்கிகளைவிட வெகுவாகக் கூடுதல் வட்டி தருகிற இடத்தைப் பார்த்தால் 2002ஐ நினைத்துக்கொண்டு தள்ளி நடங்கள். வங்கி இல்லாமல் ஊருக்கு ஊர் பணம் மாற்றிக் கொடுக்கிற உண்டியல் ஆளிடம் பெரிய தொகையை நாள் கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்குப் பணம் தர வேண்டியவர் எப்படியோ.

தையிலேயே வரத்து தொடங்கிவிடும் உங்களுக்கு. முதல் மூன்று வாரக் கொள்முதலுக்கு வேண்டிய ரொக்கத்தை மார்கழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒரே நாளில் போய்க் கேட்டால் மேனேஜர் முகம் மாறும். அதைப் பார்த்துப் பின்னால் நிற்பவர் முகமும் மாறும். அப்புறம், எந்த வங்கியில் எவ்வளவு, பீரோவில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி உங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்துவையுங்கள். நான் வரிசையில் நின்றேனே அந்த வியாபாரி, 2009இல் திடீரென்று போய்விட்டார். எந்தெந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று அவர் மனைவிக்கு நான் எடுத்துக் கொடுக்கவே எட்டு மாதம் பிடித்தது.